சயனைடு மேட்டுக்குக் கொண்டுபோன தொப்பி

ஞாயிற்றுக்கிழமை காலை 6.40. கே.ஆர்.புரத்தில் மாரிக்குப்பம் வண்டியைப் பிடித்தேன். டிக்கெட் இருபது ரூபாய். மடியில் மஞ்சள் பை, அதற்குள் என் அப்பா தங்கவயல் சுரங்கத்தில் போட்டிருந்த தொப்பி. பெங்களூருக்குக் குடிவந்த நாள் முதல் சாமி அலமாரியிலேயே இருந்தது. முருகன் படத்துக்குப் பக்கத்தில், பொட்டு வைத்து.

போன ஆயுத பூஜையன்று என் மகள் ரேவதி அதைக் கேட்டாள். வருடாவருடம் பூஜைக்கு அதைத் துடைத்துக் கொடுப்பவள் அவள்தான். வேலைக்குப் போகிற பெண், ஆனாலும் விண்வெளிக் கதை ஒன்றின்மேல் பைத்தியம். அந்தக் கதையில் ஒளிவீசும் வீரர்களும் உண்டாம். இவள் கூட்டத்துக்குப் பிடித்ததோ அதன் இருட்டுப் பக்கம்: சட்டமில்லாத துறைமுகங்கள், கடத்தல்காரர்கள், தேடப்படும் ஆளைப் பிடித்துக் கொடுத்துக் கூலி வாங்குகிறவர்கள். அப்படி வேஷம் கட்டிப் படம் எடுப்பார்கள்.

"கடத்தல்காரி வேஷம்பா. தாத்தா தொப்பி போட்டா சூப்பரா இருக்கும்."

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "திருட்டுத் தலைக்கா இந்தத் தொப்பி? நம்ம வம்சத்துல திருடன் பொறந்ததே இல்ல, தெரிஞ்சுக்கோ!" என்று சாமி முன்னால் நின்று கத்தினேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். தொப்பி துடைத்த துணியை மடித்து வைத்துவிட்டுப் போனாள். அடுத்த வாரம் ஹாஸ்டலுக்குப் போனவள் எட்டு மாதமாக வீட்டுக்கு வரவில்லை.

நான் சொன்னது பொய். அந்தத் தொப்பியின் உள்துணியில் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு ஒரு திருட்டுப் பை தைத்திருக்கிறது. ஷிப்ட் முடிந்து மேலே வரும்போது வாசலில் சோதனை போடுவார்கள். அதையும் தாண்டி அப்பா தங்கம் ஓடிய கல்துண்டுகளைக் கொண்டுவந்தது அதில்தான். பதினாறு வயதில் என் விரலே அதைக் கண்டுபிடித்தது. எங்களுக்குச் சோறு போட்ட பை. கட்டிய மனைவிக்கும் நான் சொன்னதில்லை. இன்றைக்கு ரேவதியிடம் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, வீட்டுக்குக் கூப்பிட வேண்டும். அவள் கூட்டம் இன்றைக்குத் தங்கவயல் சயனைடு மேட்டில் படம் எடுக்கிறது என்று கேள்விப்பட்டேன்; அதற்குத்தான் இந்தப் பயணம்.

8.50. பங்காருபேட்டையில் இட்லி, வடை நாற்பது ரூபாய். வண்டி கிளைப்பாதையில் திரும்பியதும் சன்னலில் சயனைடு மேடுகள் தெரிந்தன. சயனைடு போட்டுத் தங்கம் பிரித்த பிறகு கொட்டிய சாம்பல் நிற மண், மலை மலையாக. மழை அரித்த இடங்களில் ஆழமான வெடிப்புகள்.

9.45. ஊரிகம். மேட்டடிக்கு ஆட்டோ எண்பது ரூபாய்.

"இன்னா சார், கோயில் பிரசாதமா பையில? இவ்ளோ பத்திரமா புடிச்சிகினு கீறீங்க" என்றார் ஓட்டுநர்.

"அந்த மாதிரிதான்."

"மேட்டாண்ட போவாதீங்க சார். மூஞ்சில கரி பூசிகினு, துப்பாக்கி எடுத்துகினு ஒரு கும்பல் வந்துகீது. போலீசுக்குப் போன் பண்லாம்னு கிட்டப் போனா, எல்லாம் பிளாஸ்டிக்கு!"

"அதுல என் பொண்ணும் இருக்கா."

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "அய்ய... நல்ல புள்ளைங்க சார். எனக்கே பிஸ்கட்டு குட்த்தாங்க."

மேட்டடியில் பத்துப் பன்னிரண்டு பேர். வேறு உலகத்துப் பாலைவனம்தான், சந்தேகமில்லை. அங்கே கன்னத்தில் வெட்டுத்தழும்பு வரைந்துகொண்டு நின்றாள் ரேவதி. தலையில் அட்டையால் செய்து சாயம் பூசிய தொப்பி. அப்பாவின் தொப்பியில் இடதுபக்கம் இருக்கும் நெளிவு அதிலும் இருந்தது.

"அப்பா? வெயில்ல எதுக்குப்பா வந்தீங்க?"

பையை நீட்டினேன். திறந்து பார்த்துவிட்டுத் தொப்பியை வெளியே எடுத்தாள். "பொட்டு இருக்கே. அழிக்கவா?"

"இருக்கட்டும்மா."

திருட்டுப் பை விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள், "ஏய் கடத்தல்காரி, சீக்கிரம் வா! வெயில் ஏறுது!" என்று கேமராக்காரன் கூப்பிட்டான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் தைரியம் அவ்வளவுதான். "அன்னிக்குக் கத்திட்டேன், தப்பு. வீட்டுக்கு வாம்மா" என்று மட்டும் சொன்னேன். அவள் தன் அட்டைத் தொப்பியைக் கழற்றிப் பையில் வைத்தாள். "அலமாரி காலியா இருக்கக் கூடாதுன்னு சொல்வீங்களே. இத வைங்க. நான் வரேன்பா, பாக்கலாம்."

என் அப்பாவின் தொப்பியைப் போட்டுக்கொண்டு, சிரிக்காமல், அந்தச் சாம்பல் மேட்டில் ஏறினாள்.

மதியம் 2.15. திரும்பும் வண்டி. கோரமண்டல் தாண்டியதும் அட்டைத் தொப்பியை எடுத்துப் பார்த்தேன். இதற்கும் உள்துணி தைத்திருந்தாள். பழக்கதோஷம், விரல் அதற்குள் போனது. இரண்டு விரல் நுழைந்தது.

அதே இடத்தில், அதே அளவில், ஒரு பை. உள்ளே மிட்டாயின் தங்கத்தாள், சின்னதாக மடித்து.

துடைத்துக் கொடுத்த கைக்குத் தெரியாமலா இருக்கும்? சாமி முன்னால் நான் வம்சப் பெருமை பேசியபோது அவளுக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் தலைகுனிந்திருப்பேன். சொல்லாமல் வீட்டைவிட்டுப் போனாள்.

அந்தத் தாளைப் பிரிக்காமல் அதே பைக்குள் வைத்துவிட்டு, கே.ஆர்.புரத்தில் இறங்கினேன். வீட்டில் அலமாரியைத் திறந்து தொப்பியை வைத்தேன். பொட்டு வைக்கக் கை எழவில்லை. அவள் வந்து வைக்கட்டும் என்று குங்குமச் சிமிழை மூடிவிட்டேன்.