பின்பக்கத்தில் தொடங்கிய படக்கதை வகுப்பு

கனடாவில், மொன்ட்ரியால்-நோரில் உள்ள நூலகத்தில் எனக்கு வேலை கிடைத்தபோது, ஏதோ இலக்கிய உலகமே என்னை அழைத்துக்கொண்டதாக நினைத்தேன். திரும்பி வரும் புத்தகங்களைத் தள்ளுவண்டியில் அடுக்கிக்கொண்டு போய் அவற்றுக்குரிய தட்டில் வைப்பதுதான் வேலை. ஆனால் யார் கேட்டாலும் "நூலகத்தில் இருக்கிறேன்" என்று மட்டும் சொல்வேன். மிச்சத்தை அவர்களே கற்பனை செய்யட்டும் என்று விட்டுவிடுவேன்.

யாழ்ப்பாணத்தில் இரண்டு வருடம் தமிழ் படிப்பித்திருந்தேன். அந்த இரண்டு வருடத்தை வைத்துக்கொண்டு, இங்கே எங்கள் தமிழ்க் கத்தோலிக்கக் கோவில் பங்கில் பதினைந்து வருடமாக எல்லோரும் என்னை 'டீச்சர்' என்று கூப்பிட விட்டிருந்தேன். பங்கு மலரில் வருடா வருடம் ஒரு கட்டுரை எழுதுவேன். ஒரு வருடம் படக்கதைகளைப் பற்றி எழுதினேன். பிள்ளைகள் படம் பார்த்துப் பார்த்து யோசிக்கும் பழக்கத்தையே விட்டுவிடுகிறார்கள் என்று தொடங்கி, ஏழு தீமைகளை இலக்கமிட்டு எழுதியிருந்தேன். பூசை முடிந்து வெளியே நின்ற பெற்றோர் பலர் என்னைப் பாராட்டினார்கள். எனக்கும் அது நியாயமான பாராட்டாகத்தான் பட்டது.

பள்ளிக்கூடம் விட்டதும் பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகள் கூட்டமாக நூலகத்துக்குள் வருவார்கள். கணினிகளைச் சுற்றி நிற்பார்கள், வெப்பமூட்டியில் கையுறைகளைக் காயவைப்பார்கள், பஸ் வந்ததும் ஓடிவிடுவார்கள். ஒருவரும் ஒரு புத்தகத்தைத் தொட்டதில்லை. அவர்களைச் "சத்தம் போடாதீர்கள்" என்று அடக்குவது என் வேலை இல்லை என்றாலும், அதை நானாகவே எடுத்துச் செய்துகொண்டிருந்தேன். எங்கள் தலைமை நூலகர் கியூபெக்காரப் பெண்மணி, பொறுமைசாலி. ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, அடக்குவதற்குப் பதில் அவர்கள் கையில் எதையாவது கொடுத்துப் பார்க்கலாமே என்றார். பக்கத்து உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குப் பிரெஞ்சு படிப்பிக்கும் ஆசிரியர் ஒருவரோடு ஏற்கெனவே பேசிவைத்திருந்தார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, புதன்கிழமை, நூலகம் ஒரு பெட்டி கிராஃபிக் நாவல்களை, அதாவது படக்கதைப் புத்தகங்களை, வகுப்புக்குக் கொண்டுபோகும். பிள்ளைகள் வாசிப்பார்கள், அதைப் பற்றிக் கதைப்பார்கள். வருட முடிவில் தாங்களே இரண்டு பக்கம் வரைவார்கள். அவை நூலகத்துச் சுவரில் தொங்கும். பெட்டியைக் கொண்டுபோகும் பொறுப்பு எனக்கு.

முன்னாள் ஆசிரியை என்பதால் என்னைத் தெரிவுசெய்தார் என்று வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன். என்னோடு வேலை செய்தவர்களில் ஒருவர் மகப்பேற்று விடுப்பில் இருந்தார், மற்றவருக்கு முதுகு வலி, அதனால்தான் நான் என்பது பிறகுதான் தெரியவந்தது.

முதல் புதன்கிழமை பனி முழங்காலுக்கு வந்திருந்தது. தள்ளுவண்டியின் சில்லுகள் நடைபாதையில் ஓடவில்லை. கடைசியில், யாரோ சிறுவர் பகுதியில் விட்டுப்போன சிவப்பு பிளாஸ்டிக் சறுக்குவண்டியில் பெட்டியைக் கட்டி, கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். கையில் ஐந்து பக்க உரை இருந்தது. ஒரு வாரமாக அகராதியை வைத்துக்கொண்டு பிரெஞ்சில் எழுதியது.

உரைக்காக நான் தெரிந்தெடுத்தது ஒரு ஜப்பானியப் படக்கதையின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு. பெட்டியில் இருந்தவற்றில் அதுதான் மெலிந்தது. இரண்டு தரம் கவனமாக வாசித்திருந்தேன், குறிப்பும் எடுத்திருந்தேன். முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் ஓர் அறிவித்தல் இருந்தது: நில், நீ தவறான திசையில் போகிறாய். நவீன மனிதனைப் பார்த்து ஆசிரியர் விடுக்கும் எச்சரிக்கை என்று அதற்குக் குறிப்பு எழுதினேன். அடுத்து நாயகன் இறந்து கிடந்தான். பிறகு காயப்பட்டான். பிறகு சண்டை போட்டான். பிறகு அந்த எதிரியே அவனுக்கு நண்பனானான். கடைசிப் பக்கத்தில் தாயோடு அமைதியாகக் காலைச் சாப்பாடு சாப்பிட்டான். ஒவ்வொரு பக்கத்திலும் பதில் முதலில் வந்தது, கேள்வி பிறகு வந்தது. அதையும் ஓர் உத்தி என்று எடுத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், படக்கதையில் இவ்வளவு ஆழம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. என் கட்டுரையின் மூன்றாம் தீமையைக் கொஞ்சம் தளர்த்தலாமோ என்றுகூட யோசித்தேன்.

வகுப்பில் இருபத்தெட்டுப் பேர். ஆசிரியர் பின்னால் ஒரு கதிரையில் இருந்தார். இரண்டாவது வரிசையில் எங்கள் பங்குப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். டோர்வல் விமான நிலையத்தில் பயணப்பெட்டி ஏற்றும் வேலை செய்யும் ஒருவரின் மகள். கோவிலில் நான் தமிழில் எதைக் கேட்டாலும் பிரெஞ்சில்தான் பதில் சொல்வாள். அவளுக்குத் தமிழே வராது என்று முடிவுகட்டி, அதை அவள் தகப்பனிடமும் ஒருநாள் கவலையோடு சொல்லியிருந்தேன்.

நான் உரையைத் தொடங்கினேன். காலம் பின்னோக்கி ஓடும் கதை என்றேன். மரணத்தில் தொடங்கிக் காலைச் சாப்பாட்டில் முடிவது எவ்வளவு துணிச்சல் என்றேன். முதல் பக்கத்தைத் திறந்து தூக்கிப் பிடித்து, அந்த எச்சரிக்கையை உரத்து வாசித்தேன். வகுப்பு மிக அமைதியாக இருந்தது. என் பேச்சில் கட்டுண்டு கிடக்கிறார்கள் என்று நினைத்தேன்.

அப்போது அந்தப் பிள்ளை முன்னால் குனிந்து, மெதுவாக, சுத்தமான யாழ்ப்பாணத் தமிழில் சொன்னாள்.

"அன்ரி, நீங்கள் பின்னுக்கிருந்து வாசிக்கிறியள்."

வகுப்பில் வேறு ஒருவருக்கும் விளங்காத மொழியில் என்னைக் காப்பாற்றப் பார்த்தாள். எனக்கோ, நான் பேசும்போது இடையில் கதைக்கிறாளே என்பதுதான் உறைத்தது. உரைக்குப் பிறகு கேள்விகளுக்கு நேரம் தரப்படும் என்று பிரெஞ்சில் அவளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு மூன்றாம் பக்கத்துக்குப் போனேன்.

அதற்குமேல் வகுப்பால் தாங்க முடியவில்லை. யாரோ ஒருவன் மேசையில் தலையைப் புதைத்துக்கொண்டான். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். ஆசிரியர் எழுந்து வந்து என் கையிலிருந்த புத்தகத்தை மெல்ல வாங்கி மறுபக்கம் திருப்பினார். அந்தப் பக்கத்தில் அழகான அட்டை இருந்தது. நான் பின்னட்டை என்று நினைத்திருந்த அட்டை. ஜப்பானியப் புத்தகங்கள் வலமிருந்து இடமாக வாசிக்கப்படுபவை என்றும், நான் முதல் பக்கம் என்று நினைத்தது கடைசிப் பக்கம் என்றும், அந்த அறிவித்தல் என்னைப் போன்றவர்களுக்காகவே அச்சிடப்பட்டது என்றும் மிகவும் மரியாதையாக விளக்கினார்.

வெறும் சறுக்குவண்டியை இழுத்துக்கொண்டு திரும்பி வந்தேன். தலைமை நூலகரிடம் எல்லாவற்றையும் சொல்லி, இந்தப் பொறுப்புக்கு நான் பொருத்தமில்லை என்றேன். அவர் கண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுத்த தடவை மறக்காமல் கூடுதல் பிரதிகள் கொண்டுபோகச் சொன்னார்.

இரண்டு வாரம் கழித்துப் போனபோது, பெட்டியை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றிருந்தேன். ஆனால் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் அந்தப் புத்தகத்தைக் கைமாற்றிக் கைமாற்றி வாசித்து முடித்திருந்தார்கள். என்னுடைய பிழை எவ்வளவு பெரியது என்று பார்ப்பதற்காகவே வாசித்தார்களாம். சிலர் என் முறைப்படி பின்னாலிருந்தும் வாசித்துப் பார்த்திருந்தார்கள். எந்தப் பக்கமிருந்து வாசித்தால் கதை நல்லது என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடினார்கள். இந்த வகுப்பு ஒரு புத்தகத்தைப் பற்றி இவ்வளவு நேரம் கதைத்ததைத் தான் ஒருநாளும் பார்த்ததில்லை என்றார் ஆசிரியர். நான் இதைத் திட்டமிட்டே செய்ததாகச் சொல்லிக்கொள்ளலாமா என்று தலைமை நூலகரிடம் கேட்டேன். வேண்டாம் என்றார்.

அதன்பிறகு பள்ளிக்கூடம் விட்டதும் வரும் கூட்டத்தில் ஐந்தாறு பேர் கணினிப் பக்கம் போகாமல் நேரே என்னிடம் வந்து இரண்டாம் பாகம் இருக்கிறதா என்று கேட்கத் தொடங்கினார்கள். அந்தப் பிள்ளையும் வருவாள். யாரும் பக்கத்தில் இல்லாதபோது தமிழில் கதைப்பாள். நான் படத்தைப் பார்க்காமல் எழுத்தை மட்டும் வாசித்துவிட்டு அடுத்த கட்டத்துக்குத் தாவுவதைக் கண்டுபிடித்தவளும் அவள்தான். ஒருநாள் ஒரு பக்கத்தைக் கையால் மூடிக்கொண்டு, அந்தக் கிழவன் கையில் என்ன வைத்திருந்தான் என்று கேட்டாள். நான் கிழவனையே பார்த்திருக்கவில்லை.

மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை அவள் தகப்பன் நூலகத்துக்கு வந்தார். என் முன்னால் ஒரு பிளாஸ்டிக் உறையை வைத்தார். உள்ளே பங்கு மலரிலிருந்து வெட்டியெடுத்த என் கட்டுரை இருந்தது.

"டீச்சர், உதை வாசிச்சுத்தான் நான் வீட்டிலை படக்கதையை நிப்பாட்டினனான். இப்ப நீங்களே பெட்டியிலை கட்டி இழுத்துக்கொண்டு போய்க் குடுக்கிறியளாம்."

அவர் குரலை உயர்த்தவில்லை. மகள் கணக்கில் குறைந்துவிட்டாள், கொப்பி முழுக்கப் படம் வரைகிறாள் என்றார். நான் சொல்ல நினைத்த பதில்கள் எல்லாவற்றையும் என் கட்டுரையே முன்கூட்டி மறுத்திருந்தது. நன்றாகத்தான் எழுதியிருந்தேன்.

"தம்பி, அதை எழுதேக்கை நான் ஒரு படக்கதையும் வாசிச்சிருக்கேல்லை" என்றேன்.

அவர் உறையைத் திருப்பிப் பார்த்தார். "ஏழு தீமை எண்டு எழுதியிருக்கிறியள்."

"ஓம். ரெண்டுதான் யோசிச்சு எழுதினது. மிச்சம் பக்கம் நிரப்ப."

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. என் பேச்சை நம்பி ஒரு வருடம் மகளோடு சண்டை பிடித்திருக்கிறார். மன்னிப்புக் கேட்டேன். அடுத்த சோதனையில் கணக்கு ஏறாவிட்டால் ஆசிரியரைச் சந்தித்து மகளை இதிலிருந்து எடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு, உறையைக் கவனமாக மடித்து எடுத்துக்கொண்டு போனார். அன்று முழுவதும் புத்தகங்களைத் தவறான தட்டுகளில் வைத்தேன்.

பங்குனியில் பிள்ளைகள் வரையத் தொடங்கினார்கள். தெரிந்த ஒருவரின் ஒருநாள் வேலையை இரண்டு பக்கத்தில் காட்ட வேண்டும் என்பது ஆசிரியர் கொடுத்த பாடம். அவள் தகப்பனைத் தெரிந்தெடுத்தாள். ஏன் என்று கேட்டேன். தான் எழும்ப முதலே அவர் வேலைக்குப் போய்விடுவார், அங்கே என்ன செய்கிறார் என்று ஒருநாளும் பார்த்ததில்லை, அதனால் யோசித்து வரையப் போவதாகச் சொன்னாள். முடித்ததும் முதலில் எனக்குக் காட்டினாள். பனியில் ஒரு விமானம், அதன் கதவருகே நிமிர்ந்து நின்று பெட்டிகளை உள்ளே கொடுக்கும் தகப்பன். நான் வெகுவாகப் புகழ்ந்துவிட்டு, ஒரு பிரெஞ்சுச் சொல்லில் எழுத்துப்பிழை இருப்பதாகத் திருத்தினேன். அவள் எழுதியதுதான் சரி என்று ஆசிரியர் மறுநாள் பழையபடி மாற்றவைத்தார்.

வைகாசி முடிவில் படங்கள் நூலகத்துச் சுவரில் தொங்கின. நான் நாலு வரி பேசலாமா என்று கேட்டிருந்தேன். தலைமை நூலகர் என்னை அன்போடு பழச்சாறு மேசைக்கு அனுப்பினார். அந்தத் தகப்பன் வேலைச் சட்டையோடு நேரே வந்திருந்தார். மகளின் பக்கங்களுக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். கோபமோ என்று பயந்து ஒரு குவளைச் சாற்றோடு கிட்டப் போனேன்.

"டீச்சர், உதிலை ஒரு பிழை இருக்கு" என்றார். "சனம் ஏறுற பக்கத்தாலை பெட்டி ஏத்துறேல்லை. அந்தக் கதவு மற்றப் பக்கம்."

மகள் அதைக் கேட்டு வந்தாள். அவர் அவளிடம் திரும்பி, தான் வேலை செய்வது விமானத்தின் வயிற்றுக்குள், அங்கே நிமிர்ந்து நிற்க முடியாது, முழங்காலில்தான் நிற்க வேண்டும் என்றார். குளிர் கூடினால் பெட்டிகளின் கைபிடி கையுறையோடு ஒட்டிக்கொள்ளும் என்றார். எவ்வளவு நேரம் முழங்காலில் நிற்பீர்கள் என்று அவள் தமிழில் கேட்டாள். அவர் என் மேசையிலிருந்த கடதாசித் துவாயை எடுத்து, பேனையால் விமானத்தின் வயிற்றை வரைந்து காட்டினார். அவருக்கு வரையவே தெரியாது. அவள் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். நிமிர்ந்து நிற்பதாக வரைந்ததற்கும் ஒரு பொருள் உண்டு என்று நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். இருவரும் என்னைக் கவனிக்கவில்லை. சாற்றை நானே குடித்துவிட்டேன்.

அடுத்த கிழமை அவள் அந்தப் பக்கத்தை மறுபடி வரைந்து கொண்டுவந்து மாட்டினாள். கணக்கும் ஓரளவு ஏறியது. அதில் என் பங்கு எதுவும் இல்லை. கிழமைக்கு இரண்டு படக்கதை என்று தகப்பன் அனுமதி கொடுத்தார். மூன்றாவதை அவள் நூலகத்திலேயே இருந்து வாசித்துவிட்டுப் போவாள். எனக்கு அது தெரியும், அவருக்கும் தெரிந்திருக்கும்.

அந்தத் திட்டம் பல வருடம் நடந்தது. வேறு பள்ளிகளும் சேர்ந்தன. ஒருமுறை அதைப் பற்றி அறிக்கை எழுதச் சொன்னபோது பன்னிரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அதில் ஒரேயொரு வசனத்தைத் தலைமை நூலகர் பயன்படுத்தினார்.

அந்தப் பிள்ளை பெரிய ஓவியராக வருவாள் என்று பங்கில் எல்லோருக்கும் சொல்லிவைத்திருந்தேன். அவள் மருந்தியல் படித்தாள். பல வருடம் கழித்து, மொன்ட்ரியாலின் மேற்கே பியர்ஃபோனில் ஒரு மருந்துக்கடையில் வெள்ளை மேலங்கியோடு நின்றவளைக் கண்டேன். என் இரத்த அழுத்த மாத்திரையை எப்போது போடுவது என்று விளக்கினாள். இப்போதும் வரைகிறாயா என்று கேட்டேன்.

"இல்லை அன்ரி, நேரமில்லை. வாசிக்கிறனான்" என்றாள்.

என்ன வாசிக்கிறாய் என்று கேட்க வாயெடுத்தேன். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர் இருமினார். மாத்திரைப் பையை எடுத்துக்கொண்டு விலகினேன்.