தாராக்களும் துவக்கும்

பழைய வீடியோ கேம் சாமான்கள் சேர்ப்பவன் நான். போன கிழமை பார்சலில் வந்த, திரையைப் பார்த்துச் சுடும் விளையாட்டுத் துவக்கின் பிளாஸ்டிக் மணம், திருகோணமலைத் துறைமுகத்தடியில் கேம் வாடகைக்கு விட்ட செல்வம் அண்ணையின் கடையை அப்படியே கண்முன் கொண்டுவந்தது. சண்டைக் காலம், கடைக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே போவோர் வருவோரைச் சோதிக்கும் ஆமியின் சென்றி இருந்தது. அக்காவும் நானும் தாரா சுடும் கேமை எடுக்கப் போனால் பெட்டி, வயர், கசற் எல்லாம் தருவார், துவக்கை மட்டும் தரமாட்டார்.

“அது இங்கயே கிடக்கட்டும் தம்பி. சென்றியில ஆமிக்காரனுக்கு விளங்கப்படுத்த ஏலாது.”

துவக்கில்லாமல் அந்த விளையாட்டில் செய்ய ஒன்றுமில்லை. ஆனாலும் கரண்ட் இருக்கும்வரை சீமெந்துத் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, புல்லுக்குள்ளிருந்து குவாக் குவாக் என்று சிறகடித்துக் கிளம்பும் தாரா இடப்பக்கம் போகுமா வலப்பக்கம் போகுமா என்று பந்தயம் பிடிப்போம், அது திரையின் விளிம்பைத் தாண்டியதும் “தப்பிட்டுது!” என்று அக்கா கைதட்டுவாள், தோற்றுவிட்டோம் என்று பெட்டி ஊளையிடும், திரும்பவும் தொடங்குவோம்.

கனடாவிலிருந்து வந்திருக்கும் அக்காவை நேற்றுப் பக்கத்தில் இருத்தி, பழைய ரீவியில் துவக்கைக் கொழுவினேன். முதல் தாரா எழும்பியது. குறிபார்த்துச் சுட்டேன். விழுந்தது.

அக்கா கைதட்டவில்லை.

“ஏனடா சுட்டனீ?” என்றாள்.