நானூறு கிராம்

டீ மேசைமேல் ஆறிக்கொண்டிருக்கிறது. அவர் மேசைக்கு அடியில் இருக்கிறார். தீப்பெட்டி அட்டை ஒன்றை மடித்து, ஆடுகிற காலுக்குக் கீழே செருகி, மேலே வந்து உள்ளங்கையால் அழுத்திப் பார்க்கிறார். திருப்தியில்லை. மறுபடியும் கீழே போகிறார். கடைக்காரர் என்னிடம் முறையிடுகிறார்: "மூணு வருஷமா அந்த மேசை ஆடுது. ஒருத்தர் வாயத் தொறந்ததில்ல. இவருக்கு மட்டும் டீ சிந்துதாம்." அடியிலிருந்து பதில் வருகிறது: "டீ சிந்தினா சிந்தட்டும். ஆடுறது ஆடுதுல்ல?"

தராசுக்காரர் என்றுதான் எல்லோரும் அவரைச் சொல்கிறார்கள். குழந்தைகளை நிறுக்கும் தராசுகளைச் சரிபார்ப்பது அவர் வேலை. சுகாதாரத் துறையில் ஒப்பந்த ஊழியர். கைக்குழந்தைகளும் கர்ப்பிணிகளும் மாதாமாதம் வந்து எடை பார்த்துப் போகிற குழந்தைகள் மையங்கள் இருநூற்றுப் பன்னிரண்டு அவர் தலையில் கட்டப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது காகிதத்தில் இருக்கிற விதி. ஆள் ஒருவர், மோட்டார் சைக்கிள் ஒன்று. ஒரு சுற்று முடியப் பதினான்கு மாதம் ஆகிறது.

"நான் இங்க ஒக்காந்து டீ குடிக்கிறேன்னு வைங்க. அந்த இருநூத்திப் பன்னெண்டு எடத்துல முள்ளு என்ன பொய் சொல்லிட்டு நிக்குதோ, யாருக்குத் தெரியும்?" என்கிறார். இந்த நினைப்போடு இருக்கிறவருக்கு டீ தொண்டையில் எப்படி இறங்கும்? பாதி கிளாஸை வைத்துவிட்டு எழுந்துவிட்டார். அவரைப் பற்றி எழுதுவதற்காகக் கூடவே சுற்றிக்கொண்டிருந்த எனக்கு அப்போதுதான் டீ வந்தது. நாக்கைச் சுட்டுக்கொண்டு பின்னால் ஓடினேன்.

ஐம்பதைத் தாண்டிய ஒல்லியான மனிதர். வெள்ளைச் சட்டைதான் போடுவார், அதுவும் தேய்த்த சட்டை. மேல் பையில் ஒரு திருப்புளியும், கண்ணுக்கு விடுகிற சொட்டு மருந்துக் குப்பி ஒன்றும் இருக்கும். குப்பியில் மெஷின் ஆயில். எனக்குக் கண் எரிகிறது என்று சொன்னபோது அவர் கை தன்னால் அந்தப் பையை நோக்கிப் போனதைப் பார்த்துப் பயந்துவிட்டேன். எடைக்கற்கள் ஒரு மரப்பெட்டியில். வழக்கமாக அது வண்டியின் பின்சீட்டில் கட்டப்பட்டிருக்கும்; பின்சீட்டில் நான் உட்கார்ந்ததால் என் மடியில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒவ்வொரு பள்ளத்திலும் தொடை கழன்று விழுந்துவிடும் போலிருந்தது. மெதுவாகப் போகச் சொன்னால், "மெதுவாத்தான போறேன்" என்று இன்னும் முறுக்கினார்.

வீட்டில் இவரை எப்படித்தான் வைத்துச் சமாளிக்கிறார்கள் என்று அவர் மனைவியிடம் கேட்டேன். "எங்க சமாளிக்கிறது? சாப்பிட ஒக்காந்தா ரெண்டு வாய்க்கு ஒருதரம் எந்திரிப்பாரு. செவுத்துல படம் கோணலா இருக்காம். தூக்கத்துல கூட கால் ஆடிட்டே இருக்கும். கட்டிலுக்கும் ஒரு அட்டை வச்சிருக்காரு, போய்ப் பாருங்க" என்றார். போய்ப் பார்த்தேன். வைத்திருந்தார்.

முன்பு தானிய மண்டியில் தராசு பழுதுபார்த்துக்கொண்டிருந்தவர். அங்கே நல்ல பெயர். ஏன் விட்டீர்கள் என்று கேட்டதற்கு, "அங்க முள்ளு தப்பா நின்னா ஒருத்தனுக்குக் கொஞ்சம் நஷ்டம். சண்ட போட்டு வாங்கிக்குவான். இங்க கொக்கியில தொங்குறது சண்ட போடுமா?" என்றார்.

அவர் வேலை செய்யும் விதத்தில் ஒரு பிடிவாதம் உண்டு. தராசு உத்தரத்தில் தொங்கும். வட்டமான முகம், ஒற்றை முள், கீழே கொக்கி. ஒரு கிலோ, இரண்டு, ஐந்து என்று கற்களை ஏற்றுவார். ஒவ்வொரு தடவையும் முழங்காலை மடக்கி, கண்ணை முள்ளுக்கு நேராகக் கொண்டுவந்துதான் பார்ப்பார். மையத்து ஆசிரியையையும் அப்படியே குனியவைப்பார். "நிமிர்ந்து நின்னு பார்த்தா முள்ளு உங்களுக்குப் புடிச்சதச் சொல்லும் டீச்சர். குனிஞ்சாத்தான் உள்ளதச் சொல்லும்." கர்ப்பிணிகள் ஏறி நிற்கும் தராசென்றால் முதலில் தரையைத் தடவுவார், சாய்வு இருக்கிறதா என்று. ஒரு பெண் இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு ஏறி நின்றுவிட்டார். "இறக்கி வச்சுட்டு ஏறும்மா. குடத்துக்கும் சேர்த்தா எத்தனை மாசம்னு எழுதுறது?" வரிசையே சிரித்தது.

ஆனால் ஆசிரியைகளுக்கு இவரைக் கண்டால் ஆகாது. ஒரு மையத்தில் தராசு இருநூறு கிராம் கூடுதலாகக் காட்டியதைச் சரிசெய்துவிட்டு வந்தாராம். அடுத்த மாதம் அங்கே ஆறு பிள்ளைகள் எடை அட்டையில் பச்சையிலிருந்து மஞ்சளுக்கு இறங்கிவிட்டார்கள். நன்றாக இருந்த பிள்ளைகள் எப்படி இளைத்தார்கள் என்று மேலிடத்திலிருந்து ஆசிரியைக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அன்றிலிருந்து, "நீங்க வந்துட்டுப் போனாலே எங்க பிள்ளைங்க இளைச்சுப் போகுது" என்று முகத்துக்கு நேராகவே சொல்கிறார்கள். அவர் மறுப்பதில்லை. "ஆமா டீச்சர், எங்கண்ணு அப்பிடி" என்று சொல்லிவிட்டுத் திருப்புளியை எடுக்கிறார்.

நான் அவரோடு சுற்றிய மூன்றாம் நாள், பதினொரு மணிவாக்கில் போன மையத்தில் அப்படி எந்த முறைப்பும் இல்லை. அந்த ஆசிரியை சிரித்துக்கொண்டே வரவேற்றார். அவர் மையம் அந்த வட்டாரத்திலேயே முதலிடம். நான்கு மாதத்துக்கு முன் ஒரே மாதத்தில் அத்தனை பிள்ளைகளுக்கும் எடை ஏறியிருந்தது. கூட்டத்தில் ஆசிரியையை எழுந்து நிற்கச் சொல்லிக் கை தட்டினார்களாம். தராசுக்காரர் கற்களை ஏற்றினார், குனிந்தார், பார்த்தார். கிராம் பிசகவில்லை. முள்ளின் அச்சில் இரண்டு சொட்டு ஆயில் விட்டுவிட்டு, 'பழுது இல்லை' என்று படிவத்தில் எழுதப் பேனாவை எடுத்தார். அப்போது ஆசிரியை, "இதப் பாருங்கண்ணே, நானே தைச்சது" என்று பிள்ளைகளை உட்காரவைக்கும் பையைக் கொண்டுவந்து கொக்கியில் மாட்டினார்.

அழகான பை. அரசாங்கம் கொடுத்த பழைய பை நைலான், கைக்குட்டை கனம்கூட இருக்காது. அது கிழிந்து பிள்ளைகளின் தொடையை அறுத்ததாம். பாவமாக இருந்ததால் ஆசிரியை கனத்த துணியில், உள்ளே பஞ்சு வைத்து, பூப்போட்டு, அறுந்துவிடாமல் இருக்க இரும்பு வளையங்கள் கோத்துத் தைத்திருந்தார். முள் நகர்ந்து நின்றது. தராசுக்காரர் முழங்காலை மடக்கினார். நானூறு கிராம்.

"டீச்சர், பைய மாட்டிட்டு முள்ள சுழியத்துக்குத் திருப்புவீங்கல்ல?"

"பிள்ளைய பையில ஒக்கார வச்சுத்தான் மாட்டுவேன். வெறும் பைய எதுக்கு..." ஆசிரியை பாதியில் நிறுத்திவிட்டார்.

தராசுக்காரர் பதிவேட்டை இழுத்தார். உதடு அசைய, ஒவ்வொரு பெயருக்கும் நானூறு கழித்துக்கொண்டே வந்தார். ஆறு பிள்ளைகள் மஞ்சளுக்கு இறங்கினார்கள். கடைசிப் பக்கத்தில் விரல் நின்றது. பதினொரு மாதப் பெண் குழந்தை. ஆறு கிலோ முந்நூறு, மஞ்சள் என்று எழுதியிருந்தது. கழித்தால் சிவப்பு. சிவப்பு என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்துத் தேற்ற வேண்டும். அந்த நிலையில் இருக்கிற பிள்ளையைக் கொண்டுபோக ஒரு சாதாரண வயிற்றுப்போக்கு போதும்.

"இந்தப் பாப்பா எங்க?"

ஆசிரியை சுவர்க் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தார். "அவங்க அம்மா கட்டட வேலைக்குக் கெளம்புறாங்கண்ணே. வெளியூரு. மூணு மாசமாகும் வர. இன்னைக்குப் பன்னெண்டு மணிக்கு மேஸ்திரியோட வேன். காலையிலதான் அட்டையத் தூக்கிட்டு வந்து கேட்டாங்க, கூட்டிட்டுப் போகலாமான்னு. நான்தான், மஞ்சள்தான, ஒண்ணும் பயமில்ல, போயிட்டு வாங்கன்னு..."

மணி பதினொன்று ஐம்பது. தராசுக்காரர் தராசைக் கொக்கியோடு கழற்றினார். ஆயா பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். ஆசிரியை பையும் கையுமாகப் பின்சீட்டில் ஏறிக்கொள்ள, வண்டி தெரு முனையில் மறைந்தது. பெரிய ரோடு இரண்டு தெரு தள்ளி. நான் ஓடினேன். எழுதிப் பிழைக்கிறவனுக்கு ஓட்டம் ஒத்துவராது. போய்ச் சேர்ந்தபோது விலாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வேன் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. அதன் மூக்குக்கு முன்னால் குறுக்கே நின்றது தராசுக்காரரின் மோட்டார் சைக்கிள். மேஸ்திரி கத்திக்கொண்டிருந்தார். அதைக் காதிலேயே வாங்காமல், வேனின் மேற்கூரைக் கம்பியில் தராசை மாட்டிக்கொண்டிருந்தார் இவர். அந்தத் தாய் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கீழே நின்றாள். இருபத்திரண்டு வயதுகூட இருக்காது. கணவன் முன்பே வேலைக்குப் போய்விட்டானாம்.

"என்ன டீச்சர் இது? காலையிலதான நல்லாருக்குன்னு சொன்னீங்க? ஏன் அழுவுறீங்க?"

ஆசிரியைக்குப் பதில் தராசுக்காரர் பேசினார். "நம்பர் தெரியுமாம்மா உனக்கு?"

"தெரியும்."

"கிட்ட வா. குனி. கண்ணு முள்ளுக்கு நேரா வரணும். பையில என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லியே."

"முள்ளு எங்க நிக்குது?"

அவள் எண்ணினாள். "நாலாவது கோட்டுல."

"ஒரு கோடு நூறு கிராம்." திருகாணியைத் திருப்பி முள்ளைச் சுழியத்துக்குக் கொண்டுவந்தார். ஆயில் விரலெல்லாம் வழிந்தது. "இப்பப் பாப்பாவ வை."

பிள்ளை அந்தப் பூப்போட்ட பையில் தொங்கியது. அத்தனை பேர் சுற்றி நிற்க, வண்டி உறும, அது அழக்கூட இல்லை. முள் ஆடி அடங்கியது. ஐந்து கிலோ தொள்ளாயிரம்.

அந்தப் பெண் அட்டையை எடுத்துப் பார்த்தாள், முள்ளைப் பார்த்தாள். "அப்போ, நாலு மாசம் முன்னாடி ஒரேயடியா ஏறுச்சே?"

"அது துணிம்மா."

அவள் பிள்ளையைப் பையிலிருந்து எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். "அன்னைக்கு அவருக்குப் போன் போட்டுச் சொன்னேன். பிள்ள தேறிருச்சு, இனிமே கவலையில்லன்னு சொன்னேன்."

"எம்மேலதான் தப்பு. என் கையாலதான் தைச்சேன்" என்று ஆசிரியை விம்மினார்.

"தையல்ல ஒரு தப்பும் இல்ல டீச்சர். நல்லாத்தான் தைச்சிருக்கீங்க. நான் நாலு மாசம் முந்தி வந்திருக்கணும்." சொல்லிவிட்டு அவர் கூரைக் கம்பியில் தராசு நேராகத் தொங்குகிறதா என்று பார்த்தார். தேவையே இல்லை. பார்த்தார்.

மேஸ்திரி பொறுமையிழந்துவிட்டார். "ஏம்மா, வர்றியா இல்லியா? அங்கயும் ஆஸ்பத்திரி இருக்கு. வேலைய முடிச்சுட்டு ஒருநாள் காட்டிக்கலாம்."

தராசுக்காரர் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். அவர் வேலை முள் வரைக்கும்தான். அதற்கு மேல் முடிவு சொல்ல வேண்டியவள் அந்தத் தாய்.

"நீங்க போங்கண்ணே" என்றாள் அந்தப் பெண். "அவரு கேட்டா, பிள்ளைய ஆஸ்பத்திரியில சேர்க்கப் போயிருக்கான்னு சொல்லிருங்க. நான் அப்புறம் பேசுறேன்."

அவளுடைய மூட்டை வேனின் கூரைமேல் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. இறக்கித்தர ஒருவரும் அசையவில்லை. பின்பக்க ஏணியில் ஏற இரண்டு கையும் வேண்டும். கிட்டத்தில் நின்றவர் தராசுக்காரர்தான். பிள்ளையை அவரிடம் நீட்டினாள்.

அவர் தன் கைகளைப் பார்த்தார். சட்டையின் முன்பக்கத்தில் துடைத்தார். திருப்பிப் பார்த்தார், ஆயில் போகவில்லை. புறங்கை, மணிக்கட்டு, விரலிடுக்கு என்று அந்தத் தேய்த்த வெள்ளைச் சட்டையிலேயே அழுத்தி அழுத்தித் துடைத்துவிட்டு, இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினார்.