நாடி சொல்லாத மாத்திரை

“உங்க பரம்பரையில ஒருத்தராச்சும் வைத்தியம் பார்த்திருக்காகளா? அப்புறம் உனக்கு எங்கிட்டு இருந்து நாடி பிடிபடும்?”

சென்ற ஆண்டு கம்பத்தில் ஒரு பெயர் பெற்ற மூலிகை வைத்தியசாலையில், பட்டம் முடித்தவர்களுக்கான மேல்பயிற்சிக்குச் சேர்ந்த அன்று, அங்கிருந்த பெரிய வைத்தியர் எல்லோர் முன்னிலையிலும் என்னிடம் கேட்டது இது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை பார்க்கிறார். அம்மா விடியும் முன்பே ஜீப்பில் ஏறி மலைக்கு மேலே ஏலத்தோட்டத்துக்குப் போகிறார். சித்த மருத்துவப் பட்டத்தை நான் யார் தயவிலும் வாங்கவில்லை. “இல்லைங்கய்யா, நான்தான் முதல் ஆளு” என்று தலை நிமிர்ந்தே சொன்னேன்.

எங்கள் பக்கத்தில் வைத்தியரிடம் வருகிறவர்கள் பலர் வாயைத் திறப்பதில்லை. கையை மட்டும் நீட்டுவார்கள். நாடியைப் பிடித்து நோயைச் சொல்ல வேண்டியது வைத்தியர் பொறுப்பு. கேள்வி கேட்டால் இவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று எழுந்து போய்விடுவார்கள். அதனால் பயிற்சிக்கு வந்த எங்களுக்கும் நோயாளியிடம் எதையும் கேட்கக் கூடாது என்று கட்டளை. கல்லூரியில் முதலில் கற்றுக்கொடுத்ததே கேட்பதைத்தான். இங்கே அது குற்றம்!

ஒருநாள் தேவாரத்திலிருந்து ஒரு அக்கா வந்தார். என் அம்மாவைப் போலவே ஏலத்தோட்டத்தில் வேலை செய்பவர். பேசாமல் கையை நீட்டினார். பெரியவர் கண்ணை மூடி நாடி பார்த்துவிட்டு, “சர்க்கரை இருக்கு, பாதம் எரியுமே?” என்றார். அந்த அக்காவுக்கு வியப்புத் தாங்கவில்லை. “அய்யா புட்டுப் புட்டு வைக்கிறாக!” என்றார். சர்க்கரைக்கான சிறுகுறிஞ்சான் பொடியை எடுத்துக் கொடுக்கும்படி என்னிடம் சொன்னார் பெரியவர்.

பொடியைக் கொடுக்கும் முன் நான் கேட்டேன். “அக்கா, வேற ஏதும் மாத்திரை சாப்பிடுறீகளா?”

பெரியவர் முகம் சிவந்துவிட்டது. “நான் நாடி பார்த்தது பத்தலையோ?” என்றார். வரிசையில் இருந்த வயதான நோயாளி ஒருவர், “ஏத்தா, நாங்க வைத்தியம் பார்க்க வந்தமா, பரீட்சை எழுத வந்தமா?” என்றதும் எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்துக்கொண்டே, “அதெல்லாம் ஒண்ணுமில்ல தாயி” என்று பொடியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வாரம் அவரை அவருடைய தங்கச்சி கைத்தாங்கலாக அழைத்து வந்தார். உடம்பெல்லாம் வேர்வை. கை நடுங்கியது, பேச்சு குழறியது. பெரியவர் மறுபடியும் நாடியைத்தான் பிடித்தார். “வாதம் மிஞ்சிருச்சு, கஷாயம் வைங்க” என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. பையில் வைத்திருந்த சர்க்கரை பார்க்கும் கருவியை எடுத்து அந்த அக்காவின் விரலில் குத்தினேன். சர்க்கரை அபாயமான அளவுக்கு இறங்கியிருந்தது. நல்லவேளை, அவரால் விழுங்க முடிந்தது. தண்ணீரில் சர்க்கரையை அள்ளிப் போட்டுக் கரைத்து மெல்ல மெல்லக் குடிக்க வைத்தேன். கொஞ்ச நேரத்தில் கண் தெளிந்தது.

“சர்க்கரைக்கு மாத்திரை போடுறீகளாக்கா?” என்றேன்.

“ரொம்ப நாளாப் போடுறேனே. நாடியைப் பிடிச்சவுகளுக்கு அது தெரியாமலா இருக்கும், நான் வேற சொல்லணுமான்னுதான் அன்னைக்கு ஒண்ணுமில்லன்னுட்டேன் தாயி.”

அவரைச் சொல்லி என்ன பயன்? எல்லாம் நாடியிலேயே தெரியும் என்று அவரை நம்ப வைத்தது யார்? ஆனால் பெரியவர் கூசாமல் கூட்டத்தைப் பார்த்து, “பத்தியம் தவறிட்டா, அதான் இப்படி” என்றாரே, அதைக் கேட்டதும் எனக்கு ரத்தம் கொதித்தது.

“அவுக பத்தியம் தவறலங்கய்யா. மாத்திரையும் பொடியும் சேர்ந்து சர்க்கரையை இறக்கிருச்சு. கேட்கவிட்டிருந்தா இது நடந்திருக்காது” என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

“நாளையில இருந்து நீ இங்கன வராத. சான்றிதழும் கிடையாது” என்றார் அவர்.

மாத்திரையின் வேகம் அடங்காமல் சர்க்கரை மறுபடி இறங்கலாம் என்பதால் அக்காவை ஆட்டோவில் ஏற்றி, அரசு மருத்துவமனையில் சேர்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

நாடியை நான் குறை சொல்லவில்லை. நானும் அதைப் படித்தவள்தான். கையைப் பிடித்துக்கொண்டு வாயை அடைப்பதைத்தான் என்னால் இன்றும் பொறுக்க முடியவில்லை. வைத்தியருடைய பெருமையைக் காப்பாற்ற ஒரு நோயாளி உயிரைப் பணயம் வைக்க வேண்டுமா என்ன? மறு மாதமே தேனியில் சித்த மருத்துவரும் ஆங்கில மருத்துவரும் ஒன்றாக நோயாளியைப் பார்க்கும் ஒரு மருத்துவமனையில் பயிற்சிக்குச் சேர்ந்துவிட்டேன். அங்கே முதல் நாள் எனக்குத் தரப்பட்ட வேலை, நோயாளிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து அவர் சொல்லி முடிக்கும் வரை கேட்பது.