தெர்மாமீட்டர் சூசைநாதன்

கந்தக அமிலத்தை நூல் பிடித்தாற்போலத் தண்ணீரில் ஊற்றிக்கொண்டே, மறு கை விரல்களைக் கண்ணாடி ஜாடியின் வயிற்றில் வைத்துப் பார்க்கிறார் சூசைநாதன். சூடு ஏறினால் நிறுத்துவார், ஆறியதும் தொடர்வார். சிராங்கூன் சாலைப் பக்கத்துப் பள்ளியொன்றின் வேதியியல் கூடத்தில் பத்தொன்பது வருடமாக அவருக்கு இதுதான் வேலை. அமிலம் தின்ற சட்டை ஓட்டைகளை மனைவி பிரிஜட், கைக்கு அகப்பட்ட நிற நூலில் தைத்துவைத்திருக்கிறாள்.

"அடுப்பு இல்ல, நெருப்பு இல்ல. சூடு எங்கேருந்து வருது? உள்ளுக்குள்ளயே இருந்துருக்கு லா. ரெண்டும் சேர்ந்ததும் மிச்சத்த வெளிய தள்ளிடுது" என்பார். நவச்சாரம் நேரெதிர். தண்ணீரில் கொட்டிக் கலக்கினால் சுற்றியிருக்கும் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். குவளை சில்லிட்டு, வெளியே முத்து முத்தாக வியர்க்கும். "அது பசிச்ச பய. நம்ம கைச்சூட்டையும் விடாது." இதையே ஆசிரியர் தனசேகரன் கரும்பலகையில் என்தால்பி என்று எழுதி, கூட்டல் கழித்தல் குறி போட்டு, அரைமணி நேரம் விளக்குவார். கேம்பிரிட்ஜ் பாடம் அவரிடம், விரல் இவரிடம்.

அந்த விரல்கள்தான் போன மாதம் கைவிட்டன. ஜாடி ஆறிவிட்டதென்று நம்பி அமிலத்தைப் புட்டியில் நிரப்பினார். புட்டி விரிசல் விட்டது. கையைத் திருப்பிப் பார்த்தால் விரல் நுனியெல்லாம் கொப்புளம். வலி மட்டும் இல்லை. முழங்கையருகே வெகுநாளாக இருந்த வெளுத்த தேமலைக் கிள்ளிப் பார்த்தார். அங்கும் ஒன்றும் தெரியவில்லை. பெருவியாதி. வெளியே தெரிந்தால் வண்டி வந்து ஏற்றிக்கொண்டுபோய் இயோ சூ காங் பக்கத்துத் தொழுநோய் இல்லத்தின் வேலிக்குள் விட்டுவிடும். பிரிஜட்டை அப்புறம் கம்பிக்கு இப்பால் நின்றுதான் பார்க்க வேண்டும். முழுக்கைச் சட்டைக்கு மாறிவிட்டார். பாவம், யாரிடம் போய்ச் சொல்வார்?

என்தால்பி பாடத்தன்று வருடாவருடம் ஒரு வேடிக்கை உண்டு. "நம்ம தெர்மாமீட்டரக் கூப்பிடுவோம்" என்பார் தனசேகரன். வகுப்பு சிரிக்கும். மேசையிலுள்ள இரண்டு குவளைகளையும் தொட்டு, எது சூடு, எது குளிர் என்று சூசைநாதன் சொல்ல வேண்டும்.

இன்று அவரே இரண்டையும் கலந்தார். அமிலத்தை வலப்பக்கமும் நவச்சாரத்தை இடப்பக்கமும் வைத்தார். வலது சூடு, இடது குளிர் என்று செபம்போல முணுமுணுத்துக்கொண்டே கை கழுவப் போனார். அந்த நேரத்தில், கரும்பலகையில் எழுதியதற்கு நேராக இருக்கட்டும் என்று தனசேகரன் குவளைகளை இடம் மாற்றி வைத்துவிட்டார்.

"சொல்லுங்க சூசை, வலது பக்கம் எப்படி?"

ஆசிரியரின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் விரல்களை வைத்தார். உடனே வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"சூடு சார். சுட்டுடுச்சு" என்று, வியர்த்து வழியும் அந்தக் குவளைக்கு முன்னால் நின்று விரல்களை ஊதினார்.