வாப்பா உயர்த்திய பிக்கப்

எங்கள் வாப்பாவை விடப் பெரிய ஆள் குறிஞ்சாக்கேணியில் இல்லை என்று நான் நம்பத் தொடங்கியது, அவர் தன் பழைய பிக்கப்பை உயர்த்திய மாரிக்காலத்தில்தான். எனக்கு அப்போது ஆறு வயது. கொல்லன் அடித்துக் கொடுத்த இரும்புக் கட்டைகளை அச்சுக்கும் வில்லுத் தகடுகளுக்கும் நடுவே வைத்து முடுக்கினார். தேங்காய் ஏற்றும் வண்டி யானைக்குட்டி மாதிரி எழும்பி நின்றது. நான் வாயைப் பிளந்துகொண்டு அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

உயரம் வந்தது, புத்தி போய்விட்டது. சுக்கானை நேராகப் பிடித்தால் வண்டி இடப்பக்கம் போனது. வேகம் எடுத்தால் முன்சில்லுகள் குளிர்காய்ச்சல் கண்டதுபோல் நடுங்கின. உம்மாவுக்கோ நிறைமாதம். வலி வந்தால் வெள்ளம் நிற்கும் வீதியைத் தாண்டி, கிண்ணியாத் துறையில் வண்டியோடு மிதவையில் ஏறித்தான் திருகோணமலை ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். மிதவையில் ஏற இரண்டு பலகைகள்தான் போடுவார்கள். இடப்பக்கம் இழுக்கும் வண்டி நேரே தண்ணீருக்குள்தான் இறங்கும்.

"இதுல நான் ஏறமாட்டன். புள்ளயத் தண்ணிக்குள்ளயா பெத்துப்போடுற?" என்றார் உம்மா.

வாப்பா வலை கட்டும் நூலை எடுத்தார். பின்சில்லிலிருந்து முன்சில்லு வரை இழுத்துக் கட்டி, முன்சில்லு எவ்வளவு திரும்பி நிற்கிறது என்று பார்த்து, அடியில் இருந்த கம்பியைத் திருகினார். ஓட்டிப் பார்த்தால் இப்போது வலப்பக்கம் இழுத்தது. வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்த உம்மாவுக்குச் சிரிப்பை அடக்க ஏலவில்லை.

"ஒரு சில்லு மணலுக்குள்ள புதைஞ்சு கிடக்கு. நூல் என்ன செய்யும், பாவம்!"

வாப்பா அசடு வழியச் சிரித்துவிட்டு, நெல் காயப்போடும் சீமெந்துத் தளத்துக்கு வண்டியைக் கொண்டுபோனார். வில்லுக்கு அடியில் சரிவான இரும்பு ஆப்புகளைச் செருகி முன்னச்சைச் சற்றுச் சாய்த்ததும் நடுக்கம் நின்றது. பிறகு மறுபடியும் நூல். இம்முறை மறுமுனையைப் பிடித்தவர் உம்மா.

"இன்னும் கொஞ்சம்... ஓம், நூல் சில்லத் தொட்டுட்டு" என்றார்.

வலி வந்தது பட்டப்பகலில், கொட்டும் மழையில். வெள்ளம் வண்டியின் கதவைக்கூடத் தொடவில்லை. துறையில் மிதவைக்காரர், "ஆக்கள் இறங்குங்க" என்றார்.

"என்னால இறங்க ஏலா. நீங்க வண்டிய விடுங்க" என்றார் உம்மா, வாப்பாவைப் பார்த்து.

நான் வண்டி யன்னலால் எட்டிப் பார்த்தேன். ஈரப் பலகைகளின் நட்டநடுவே சில்லுகள் உருண்டன. ஒரு விரல் அளவுகூட விலகவில்லை. பெரிய பெரிய கப்பல்கள் துறைமுகத்துக்குள் நுழைவதைப் பிறகு எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். அந்த வியப்பு எனக்குத் திரும்ப வரவேயில்லை.

மிதவை நகர்ந்ததும் வாப்பா சுக்கானில் நெற்றியை வைத்துக் குலுங்கி அழுதார். வென்ற மனிதர் ஏன் அழுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. இரண்டு மாரிக்கு முன், என்னைச் சாச்சி வீட்டில் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போன ஒரு நாளில், இதே வண்டி வெள்ளத்தில் நின்றுபோனதையும் உம்மா வெறுங்கையோடு திரும்பியதையும் நான் வளர்ந்த பிறகுதான் சொன்னார்கள்.

அன்று பின்னேரம் தம்பி பிறந்தான். "இதுதான் எங்கட முதல் தம்பி" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். வீட்டில் யாரும் என்னைத் திருத்தவில்லை.