எருமைக்கு நல்ல தண்ணீர்

2024 மார்ச் 6, புதன்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். விடியற்காலையில் இறங்கியிருந்த பனி விலகிவிட்டது, வெயில் இன்னும் ஏறவில்லை, காற்று இல்லை. நல்லம்பள்ளிக்கு அப்பால் எங்கள் ஊர் நிறுத்தத்தில் நானும் என் மனைவியின் தம்பியும் தர்மபுரி பஸ்ஸுக்காக நின்றிருந்தோம். அவன் ஒகேனக்கல் போவதாக நினைத்துக் கிளம்பி வந்திருந்தான். மஞ்சள் பையில் ஒரு துண்டும் மாற்று வேட்டியும் இருந்தன. நான் அவனை எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிப் போகிறேன் என்பதை இன்னும் சொல்லவில்லை.

எனக்கு அப்போது வயது எழுபத்து நான்கு, அவனுக்கு அறுபத்தாறு. அடுத்தடுத்த வீடு. ஒரே ஊரில் பிறந்து ஒரே கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்கள். அவன் மூன்றாம் வகுப்போடு நின்று தக்காளி பயிரிடப் போனான். நான் படித்து, தண்ணீர் பரிசோதிக்கும் ஒரு கூடத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன்.

அவனுக்குக் கழுத்து திரும்பாது. யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் மொத்த உடம்பையும் திருப்ப வேண்டும். டீக்கடையில் அது பெரிய வேடிக்கை.

"பின்னால பஸ் வருதுங்க, திரும்பிப் பாருங்க" என்பார் கடைக்காரர்.

"நான் திரும்பறதுக்குள்ள அது பாலக்கோடே போயி சேந்துரும். நீயே பாத்துச் சொல்லு, என்னா நம்பர்னு" என்பான் இவன். எல்லாரையும்விட அவன்தான் அதிகமாகச் சிரிப்பான்.

காரணம் தனக்குத் தெரியும் என்று அவன் நம்பினான். நாற்பது வருடம் தக்காளிக் கூடையைத் தலையில் சுமந்து டெம்போவில் ஏற்றியவன். "தலைச் சொமைங்க மாமா. சும்மா வருமா? பாலக்கோடு மார்க்கெட்ல எங்கிட்ட கேட்டுத்தான் அந்தக் காலத்துல லோடு ஏத்துவானுங்க" என்று கழுத்தைத் தடவிக்கொள்வான். ஒரு மெடலைத் தடவுவது போலிருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை, கடைசிப் பறிப்பு முடிந்ததும் ஒகேனக்கல் போவான். அங்கே பாறையில் படுத்து ஆயில் மசாஜ் செய்துகொள்வான், அருவியில் நிற்பான், மீன் வறுவல் நான்கு துண்டு சாப்பிடுவான், இருட்டுவதற்குள் வீடு திரும்புவான். மசாஜ்காரர் ஒவ்வொரு வருடமும் ஒன்றைத்தான் சொல்வாராம்: "இன்னும் ஒரு வருசங்க, லூசாயிரும்." இப்படிப் பதினோரு வருடங்கள். கணக்கு என்னுடையது, அவன் எண்ணியதில்லை. வந்து பத்து நாள் வரைக்கும் கழுத்து கொஞ்சம் திரும்புவதாகச் சொல்லி எல்லாருக்கும் காட்டுவான். எனக்கு எந்த வித்தியாசமும் தெரிந்ததில்லை.

எனக்குத் தெரிந்த காரணம் வேறு. 1986இல் எங்கள் ஊர்த் தண்ணீர் ஒரு பாட்டிலில் என் மேசைக்கே வந்தது. அதில் விட்ட சிவப்பு மருந்து நிறம் மாறி மஞ்சளானது. ஃபுளோரைடு. குழந்தைக்குப் பல்லில் கறையாக ஏறும், பெரியவர்களுக்கு எலும்பில் போய்ப் படிந்து மூட்டுகளை இறுக்கிவிடும். அளவை எழுதினேன், கையெழுத்திட்டேன், மேலே அனுப்பினேன். எண்ணை எழுதுவது வரைதான் என் வேலை என்று அன்றைக்கு எனக்குப் பட்டது. மறுநாளிலிருந்து வேலை பார்த்த ஊரிலிருந்து தினம் இரண்டு கேன் தண்ணீரைப் பஸ்ஸில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கண்டக்டர்கள் திட்டினார்கள். ஊரில் என்னைத் தண்ணிக்காரர் என்றார்கள். ஏன் கொண்டுவருகிறேன் என்று என் மனைவியிடம் மட்டும் சொன்னேன்.

அதனால் எனக்கு என்ன கிடைத்தது என்றும் சொல்லிவிடுகிறேன். சிறுவயதில் குடித்தது குடித்ததுதான். என் வீட்டு மாடிப்படி பதினான்கு, எட்டாவது படியில் முழங்கால் நின்றுவிடுகிறது. அவனுக்கு வலி இருந்தது, வேலை முடிந்ததும் அதை மறந்தான். எனக்கு வலி கொஞ்சம் குறைவு, ஆனால் முப்பத்தெட்டு ஆண்டுகளாக ஒரு நாளும் அதை மறந்ததில்லை. காலையில் எழுந்ததும் ஒவ்வொரு விரலையும் மடக்கி நீட்டிப் பார்ப்பேன். பத்தும் மடங்கினால்தான் பல் தேய்க்கப் போவேன்.

பிறகு ஒகேனக்கல் தண்ணீர் குழாயில் வந்தது, வாரத்துக்கு இரண்டு நாள். நல்ல தண்ணீர். அவன் வீட்டில் அதைத் தொட்டியில் பிடித்து எருமைக்கு வைத்தார்கள். துணி துவைத்தார்கள். குடிக்கவும் களி கிண்டவும் பழைய போர்வெல் தண்ணீர்தான். "அந்தத் தண்ணி சப்புன்னு கெடக்குது மாமா. டீ போட்டா டீயா அது? களி பிடிச்சாப்ல நிக்கணுமின்னா நம்ம போர் தண்ணிதான்" என்பான். மாற்றிக் குடி என்று ஒருமுறை சொன்னேன். தொட்டியில் வாய் வைத்திருந்த எருமையின் உதட்டைத் தூக்கிக் காட்டினான். "இவளுக்குத்தான் கவர்மென்ட் தண்ணி. பல்லப் பாருங்க, என்னா வெள்ளை!" பக்கத்தில் நின்ற அவன் மகளின் மகள், அப்போது எட்டு வயது, விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் முன்பற்கள் இரண்டிலும் பழுப்புக் கோடுகள். "இவளுது காப்பிக் கறை" என்று அவள் கன்னத்தைக் கிள்ளினான். நானும் சிரித்தேன். காரணத்தைச் சொல்லவில்லை.

அப்படியிருந்தவன் அந்த வருடம் மட்டும் ஏன் வாயைத் திறந்தேன்? அவன் நன்மைக்காக என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். முழு உண்மை அதுவல்ல. முந்தின வாரம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "இந்தத் தடவ லூசாயிரும் பாருங்க மாமா, ஆடிக்கு உங்கள ஓட்டப் பந்தயத்துல தோக்கடிக்கறேன்" என்றான். அந்த முகத்தில் இருந்த தெளிவு எனக்குப் பொறுக்கவில்லை. இத்தனை தெரிந்த எனக்கு அப்படி ஒரு காலைகூட வாய்த்ததில்லை.

தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் சொன்னேன். "மொதல்ல ஒரு படம் எடுத்துக்கலாம் மாப்ள. அப்பறம் ஒகேனக்கல்."

"படமா? கல்யாணத்துக்கு எடுத்ததோட சரிங்களே" என்றான். வந்தான்.

கழுத்து, முதுகு, முன்கை, மூன்று படங்கள். டாக்டரம்மாவுக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்காது. படங்களை விளக்குப் பெட்டியில் மாட்டினார். எலும்பு இவ்வளவு வெள்ளையாக இருக்குமென்று அவனுக்குத் தெரியாது. அது நல்லதென்றே நினைத்தான்.

"நல்லா கெட்டியா இருக்குதுங்களாம்மா?"

"ரொம்பக் கெட்டியா இருக்குங்க ஐயா, அதுதான் பிரச்சினை" என்றார் அவர். குடிக்கும் தண்ணீரைப் பற்றிக் கேட்டார். அப்புறம் பொறுமையாக விளக்கினார். "இறுகினது திரும்ப இளகாதுங்க. இனிமே ஏறாம பாத்துக்கலாம். வலிக்கு மாத்திரை தர்றேன்."

"ஆயில் தேச்சா?"

"சுகமா இருக்கும். சரியாகாதுங்க."

அவன் எழுந்து படத்துக்குக் கிட்டே போனான். பிறகு கேட்டான், "அப்ப நான் தூக்குன சொமையால இல்லீங்களா?"

"இல்லீங்க ஐயா. தூக்காம இருந்திருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும்."

அந்த வாக்கியத்தில் தப்பு ஒன்றும் இல்லை, நானாயிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். கழுத்தைத் தடவிக்கொண்டிருந்த அவன் கை கீழே இறங்கியது. அதற்குப் பிறகு அவன் அதைத் தடவி நான் பார்க்கவில்லை.

ஒகேனக்கல் வேண்டாம் என்றான். திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தான். நான் அவனுக்குப் பக்கவாட்டில் இருந்ததால் என் முகத்தைப் பார்க்க அவனால் முடியாது. எதிர் சீட்டின் முதுகைப் பார்த்தபடியே கேட்டான்.

"மாமா, உங்களுக்கு இது எப்பருந்து தெரியும்?"

எண்ணிக்கை எனக்குத் தெரியும். முப்பத்தெட்டு வருடம். "கொஞ்ச நாளா" என்றேன்.

"அக்காவுக்கு?"

"தெரியும்."

தொப்பூர்ப் பக்கம் போகிற லாரிகள் வரிசையாக எங்களைத் தாண்டின. பதினேழு எண்ணினேன். 

"அதான் உங்க வூட்ல தனிக் கொடம். நான் என்னமோ நீங்க சுத்தக்காரருன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன்."

திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை. இறங்கியதும், "பாத்து வாங்க, கல்லு கெடக்குது" என்றுதான் சொன்னான்.

அன்றைக்கே போர் தண்ணீரை நிறுத்தினான். இப்போது குழாய்த் தண்ணீர் வீட்டுக்குள் போகிறது, எருமைக்குத்தான் போர் தண்ணீர். அவன் மகளுக்கு அடுத்ததாகப் பிறந்த பேரனுக்கு வெள்ளைப் பல்லாக முளைக்கும் என்று நம்பலாம். இந்த ஒன்றை நான் இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் பேத்திக்கு ஒன்பது வயதாகிவிட்டது, முளைத்தது முளைத்துவிட்டது. அவள் சிரித்தால் முன்பு அவனும் சிரிப்பான். இப்போது அவள் சிரித்தால் உடனே அவள் வாயைப் பார்க்கிறான். தன் களிக்காகத் தான் பிடிவாதமாக ஊற்றிய தண்ணீரைத்தான் அங்கே பார்க்கிறான் என்று எனக்குத் தெரிகிறது. அவளுக்குக் காரணம் தெரியாது, பார்வை மட்டும் தெரியும். அவள் வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரிக்கப் பழகிவிட்டாள். ஒரு மாலை வேலிக்கு இந்தப் பக்கமிருந்து எண்ணினேன், ஏழு முறை. தெரிந்தவன் சுகப்படுவானா, தெரியாதவன் சுகப்படுவானா என்று ஓய்வு பெற்றவர்கள் கூடும் இடங்களில் நாங்கள் விவாதித்ததுண்டு. தெரிந்தவன் பக்கம்தான் நான் எப்போதும் பேசுவேன், நன்றாகவும் பேசுவேன். அந்த மாலைக்குப் பிறகு அங்கே போகவில்லை.

டீக்கடையில் பஸ் வேடிக்கையும் நின்றுபோனது. கடைக்காரர் ஒருமுறை ஆரம்பித்தார். இவன், "அது வேற வெவகாரங்க" என்று டம்ளரை வைத்துவிட்டு எழுந்துவிட்டான்.

ஒரு வருடம் பொறுத்தேன். 2025 மார்ச்சில், கடைசிப் பறிப்பு முடிந்ததும், நானே போய்க் கேட்டேன். "வா மாப்ள, ஒகேனக்கல் போயிட்டு வரலாம். சரியாவலைன்னா என்ன, சுகமா இருக்குமில்ல."

"உங்களுக்கு ஆசையா இருந்தா வாங்க" என்றான்.

ஆற்றில் தண்ணீர் குறைவு. அதே பாறை, அதே மசாஜ்காரர். ஐம்பது வயது இருக்கும், பென்னாகரம் பக்கத்துக் கிராமத்துக்காரர். "போன வருசம் ஆளையே காணோமேங்க! நான் கணக்கு போட்டு வெச்சிருந்தேன், போன வருசமே லூசாயிருக்க வேண்டியது" என்று சத்தமாக வரவேற்றார். இவனைக் குப்புறப் படுக்கவைத்து எண்ணெயைக் கையில் ஊற்றினார். அப்போதுதான் கவனித்தேன். அவர் வலது முழங்கை முழுதாக நீளவில்லை. மடங்கியே நின்றது. இவனும் படுத்தபடி அதைப் பார்த்துவிட்டான்.

"கை என்னாச்சுங்க தம்பி?"

"இதுங்களா? இருவது வருசமா தேச்சுத் தேச்சு இப்படி நின்னுருச்சு. தொழில் குடுத்த மெடலுங்க" என்று சிரித்தார். "மூட்டு புடிச்சவன் கிட்டயே மூட்டுக்கு வர்றீங்க!"

எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். "உங்க வூட்ல..." என்பது வரைக்கும் வந்துவிட்டது. கழுத்து திரும்பாதவன், பாறையில் கையை ஊன்றி, எண்ணெய் வழியும் மொத்த உடம்பையும் என் பக்கம் திருப்பினான்.

"மாமா, சும்மா இருங்க."

பிறகு பழையபடி படுத்துக்கொண்டு அவரிடம் சொன்னான். "தொழிலுதாங்க தம்பி. வேற என்ன. நீங்க தேயுங்க."

"இன்னும் ஒரு வருசங்க, லூசாயிரும்" என்றார் அவர்.

"ஆமாங்க" என்றான் இவன்.

நான் சும்மா இருந்தேன். முதல்முறை முப்பத்தெட்டு வருடம் சும்மா இருந்தது தப்பு, வாய் திறந்ததும் தப்பு, இப்போது மறுபடி சும்மா இருந்ததும் தப்பாகத்தான் இருக்கும். அந்த மனிதருக்கு வீட்டில் எத்தனை குழந்தைகள் என்று நான் கேட்கவில்லை. வாழ்க்கையில் நான் எண்ணாமல் விட்டது அது ஒன்றுதான்.

மீன் வேண்டாம் என்றான். பஸ் ஏறினோம். மூன்று எக்ஸ்ரே, டாக்டர் ஃபீஸ், ஒரு மசாஜ், இரண்டு நாளும் சேர்த்து இருவருக்கும் பஸ், முதல் நாள் குடித்த இரண்டு டீ, எல்லாவற்றையும் நான்தான் கொடுத்தேன்: மொத்தம் இரண்டாயிரத்து இருநூற்று இருபத்து நான்கு ரூபாய்.